நிறம் தங்கும், ஃபிலிம் திரும்பும்

வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் பற்பசை அடுக்கைப் பாருங்கள். சில பெட்டிகளைச் சற்றே திருப்பினால் போதும், சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடி மறையும். சென்ட் பெட்டியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இந்த வித்தையைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஏதோ மினுங்கும் தாள் ஒட்டியிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல பெட்டிகளில் அது உண்மை. அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் ஃபிலிம் அட்டையோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும். ஆனால் எதையும் ஒட்டாமலே அந்த வானவில்லை அட்டைமேல் வரவழைக்கும் முறை ஒன்று உண்டு. அச்சுத் தொழிலில் அதற்கு ‘காஸ்ட் அண்ட் க்யூர்’ என்று பெயர். சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகளை வைத்திருக்கும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு அட்டைப் பெட்டி அன்றாடப் பொருள். அதனால் இந்த முறையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இதன் வேர் ஒரு சிப்பியில் இருக்கிறது. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1814-இல் ஒரு விந்தையை அறிவித்தார். முத்துச்சிப்பியின் மினுங்கும் பரப்பை மெழுகில் அழுத்தி எடுத்தால், மெழுகும் அதே போல வண்ணம் காட்டியது. சிப்பியிலிருந்து ஒரு துளிப் பொருளும் மெழுகுக்குப் போகவில்லை. போனது பரப்பிலிருந்த நுண்ணிய வரிகளின் வடிவம் மட்டுமே. ஆக, அந்த நிறங்களில் ஒரு பகுதிக்குச் சாயமும் வேண்டாம், உலோகமும் வேண்டாம். மேடும் பள்ளமும் போதும். நம் சி.வி. ராமனும் 1930-களில் சிப்பிகளின் வண்ணஜாலத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

வரி எப்படி நிறமாகிறது? பள்ளிப் பாடத்தில் கீற்றணி என்று படித்திருப்போம். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரம் வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளி. அதன்மேல் செங்குத்தாக வெள்ளொளி விழுந்தால், நீலம் சுமார் 27 பாகைக் கோணத்திலும், பச்சை 32 பாகையிலும், சிவப்பு 40 பாகையிலுமாகப் பிரிந்து வெளியேறும். பெட்டியைத் திருப்பும்போது இந்தக் கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நம் கண்ணுக்குள் விழுகின்றன. அதைத்தான் நிறம் ஓடுவதாக உணர்கிறோம்.

இவ்வளவு நுண்ணிய வரிகளை லட்சக்கணக்கான பெட்டிகளில் பதிப்பது எப்படி என்பதுதான் தொழிலின் கேள்வி. முதலில் லேசர் ஒளியால் ஒரு மூலப் பரப்பில் வரிகளை உருவாக்குவார்கள். மின்முலாம் மூலம் அதற்கு நிக்கல் அச்சு எடுப்பார்கள். அந்த அச்சு, சூடும் அழுத்தமும் கொண்டு பிளாஸ்டிக் ஃபிலிமில் வரிகளைப் பதிக்கும். ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ இதழ் 1984 மார்ச்சில் அட்டையில் கழுகு ஹோலோகிராமோடு வந்தபோது உலகம் வியந்தது, இப்படி அழுத்திப் பதிக்கும் கலையைப் பார்த்துத்தான். வழக்கமான முறையில் அந்த ஃபிலிமின்மேல் அலுமினியம் ஏற்றி அட்டையோடு ஒட்டிவிடுவார்கள். காஸ்ட் அண்ட் க்யூர் முறை இந்த இடத்தில்தான் வேறு வழியில் திரும்புகிறது.

அச்சான தாளின்மேல் நிறமற்ற யு.வி. வார்னிஷ் பூசப்படுகிறது. அது ஈரமாக இருக்கும்போதே, வரி பதித்த ஃபிலிம் உருளையின் அழுத்தத்தில் அதன்மேல் படிகிறது. வார்னிஷ் வரிகளின் இடுக்கெல்லாம் புகுந்து நிரம்புகிறது. உடனே ஃபிலிமை ஊடுருவிப் புற ஊதா ஒளி பாய்கிறது. நொடிக்கும் குறைவான நேரத்தில் வார்னிஷ் இறுகிவிடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த இறுகலைத் தடுக்கும் தன்மை கொண்டது. ஃபிலிம் காற்றை விலக்கி வைப்பதால் பரப்பு இன்னும் நன்றாக இறுகுகிறது. பிறகு ஃபிலிம் உரிந்து மறுபக்கச் சுருளில் ஏறிக்கொள்கிறது. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் கலையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்தால் உருவம் களிமண்ணோடு போகும், அச்சு கைவினைஞரிடமே இருக்கும். வார்னிஷ் இல்லாத இடத்தில் ஃபிலிம் எதையும் விட்டுச் செல்லாது. அதனால் பெயருக்கு மட்டும், பூவுக்கு மட்டும் என்று வேண்டிய இடத்தில் வானவில்லை வைக்கலாம்.

சுருளை மறுபடி மாட்டிப் பல முறை ஓட்டலாம். எத்தனை முறை என்பது ஃபிலிமையும் வார்னிஷையும் அச்சுக்கூடத்தின் சுத்தத்தையும் பொறுத்தது. தூசு ஒட்டினால், கீறல் விழுந்தால், இழுவிசை பிசகிச் சுருக்கம் கண்டால், அந்தக் குறை அப்படியே பெட்டிமேல் வந்துவிடும்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வார்னிஷின் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பும். அலுமினியமோ பெரும்பகுதியைத் திருப்பும். எனவே வெள்ளை அட்டையில் இந்த வண்ணம் வெளிறித் தெரியும். கறுப்பு, கருநீலம், வெள்ளி மசியின்மேல்தான் எடுப்பாக நிற்கும். கண்ணாடி போன்ற பளபளப்பை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமே. எனக்கோ அந்த அடங்கிய மினுக்கம்தான் அழகாகப் படுகிறது.

பெரிய ஆதாயம் குப்பைக்குப் போன பிறகு தெரியும். காகித ஆலையில் பழைய அட்டையை நீரில் ஊறவைத்துக் கூழாக்கும்போது, ஒட்டிய ஃபிலிம் கரையாமல் துண்டு துண்டாக நிற்கும்; நல்ல நாரையும் பிடித்துக்கொண்டு கழிவாகப் போகும். சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள வார்னிஷ் பொடிந்துவிடும், வடிகட்டிப் பிரிக்கலாம். வார்னிஷும் வேதியியல்படி பிளாஸ்டிக் இனமே. தேய்ந்த ஃபிலிமும் ஒருநாள் கழிவாகும். ஆனாலும் பெட்டிக்கு ஒரு ஃபிலிம் என்று செலவழிப்பதற்கும், ஒரே சுருளைப் பல முறை ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடை இருக்கிறது. பெட்டியோடு ஒட்டிய ஃபிலிம் அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் குறைப்பது பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது.

வீட்டிலுள்ள மினுங்கும் பெட்டி எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை அதன்மேல் தடவுங்கள். வார்னிஷ் வரிகளானால், பள்ளங்களை எண்ணெய் நிரப்பி அந்த இடத்தில் வானவில் மறைந்துவிடும். சோப்பு நீரில் மெல்லத் துடைத்தால் திரும்பி வரும். ஒட்டிய ஃபிலிமானால் வண்ணம் அசையாது, கிழித்துப் பார்த்தால் அட்டையிலிருந்து தனித் தோலாக உரியும். ஊதுவத்திக்கோ சோப்புக்கோ பெட்டி அடிக்கக் கொடுப்பவர்கள், இந்தச் சோதனையைச் செய்துவிட்டு அச்சகத்தில் பேசுங்கள். மினுக்கம் வேண்டும், ஆனால் ஒட்டும் ஃபிலிம் வேண்டாம் என்று கேளுங்கள்.