ஹெரால்டுக்கு உறவு தேடுவோம்

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை மறுபடி ஓடவைக்க நினைப்பவர், சென்னை புதுப்பேட்டையின் உதிரிபாகச் சந்தையில் கடை கடையாக ஏறி “ஹெரால்டு சாமான் இருக்கா?” என்று கேட்பார். “அதெல்லாம் எப்பவோ போச்சு சார்” என்ற பதிலோடு திரும்புவார். “இதே பாகம் வேறு எந்த வண்டியில் இருக்கிறது?” என்பதுதான் அவர் கேட்க வேண்டிய கேள்வி.

சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான இந்தக் காரின் பிறந்தகம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி. 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அங்கே வெளிவந்தது. அதன் அடிப்படையிலேயே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவாகி, 1980 வரை தயாரானது. ஸ்பிட்ஃபயருக்கு இன்றும் ரசிகர்கள் ஏராளம். அதனால் அதன் பாகங்களை பிரிட்டனில் புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஹெரால்டின் பெயரில் கிடைக்காதது ஸ்பிட்ஃபயரின் பெயரில் கிடைப்பது இப்படித்தான்.

முன்சக்கர சஸ்பென்ஷனில் உள்ள டிரனியன் இதற்கு நல்ல உதாரணம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, மரை போட்ட இந்த உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இதற்குள் சுழலும். இதற்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் விட வேண்டும். எண்ணெய் வறண்டால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது. இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒரே பக்கத்துக்கானதை இரண்டாக வாங்கினால் ஒன்று வீண். ஆண்டுக்கு ஆண்டு சிறு மாற்றங்களும் உண்டு. பழையதை அளந்து பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

இந்த உறவு எஞ்சினுக்குள் அப்படியே செல்லாது. நம் ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி. ஸ்பிட்ஃபயர் 1147 சிசியில் தொடங்கியது. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மி.மீ.தான். ஆனால் சிலிண்டரின் விட்டம் நம்முடையதில் 63 மி.மீ., அதில் 69.3 மி.மீ. அந்த பிஸ்டன் இதில் நுழையாது. பிரிட்டிஷ் ஹெரால்டின் தொடக்க மாடலும் 948 சிசி என்பதால், பிஸ்டனுக்கு அதைச் சொல்லித் தேடுங்கள்.

பேரிங்குக்கு வண்டியின் பெயரே தேவையில்லை. அதன் மேல் பொறித்திருக்கும் எண் போதும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் தெரிந்தால் சரி. போல்ட்டில் மட்டும் கவனம் தேவை. இந்த வண்டியின் மரைகள் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து முறுக்கினால், எதிரே இருக்கும் மரையும் சேர்ந்து கெடும்.

உறவே இல்லாத பாகமும் ஒன்று உண்டு. 1968 முதல் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உருவானது. பிரிட்டனில் அப்படியொரு மாடல் வரவேயில்லை. ஆகவே அதன் பின்கதவை வெளிநாட்டில் தேடிப் பயனில்லை. அடிப்பகுதி துருவேறி உதிர்ந்திருந்தாலும் அந்தக் கதவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய நல்ல டிங்கர் ஒருவரால் முடியும். கதவின் வளைவைப் பிடிக்க அவருக்கு அந்தப் பழைய கதவை விட்டால் வேறு மாதிரி கிடையாது.