அதிகாலையில் வண்டி கிளம்பவில்லையா?
பேட்டரி இறங்கினால் செய்ய வேண்டியதும், செய்யக் கூடாததும்

ஊர் உறங்கும் நேரத்தில் எழுந்து சரக்கு எடுக்கப் புறப்படுவது நம் தொழில். கோயம்பேடு ஆனாலும், மதுரை மாட்டுத்தாவணி ஆனாலும், திருச்சி காந்தி மார்க்கெட் ஆனாலும், முதலில் போய்ச் சேர்ந்தவனுக்கே நல்ல சரக்கு. அந்த நேரத்தில் சாவியைத் திருகியதும் 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வந்து வண்டி கிளம்பாவிட்டால், அன்றைய வியாபாரமே ஆட்டம் கண்டுவிடும். கீரையும் பூவும் மெக்கானிக் வரும்வரை காத்திருக்காது.

இப்படி நின்ற வண்டியை, பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக் கிளப்பலாம். 'ஜம்ப் ஸ்டார்ட்' என்று சொல்கிறார்களே, அதுதான். முறை தெரிந்தால் பத்து நிமிட வேலை. தெரியாமல் செய்தால் வண்டியின் எலக்ட்ரிக் சாமான்கள் கருகும். பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கவும் கூடும். நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சரக்கு ஆட்டோவோ மினி வேனோ வைத்திருப்பதால், இதை விவரமாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறோம்.

பேட்டரிதானா என்று பாருங்கள்

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் மங்கலாக இருந்தாலோ, சாவியைத் திருகும்போது அணைந்துபோனாலோ பேட்டரி இறங்கியிருக்கிறது என்று பொருள். வெளிச்சம் பளிச்சென்று இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். டெர்மினல் தளர்ந்திருக்கிறதா, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதை இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடும்.

பேட்டரி ஏன் இறங்குகிறது? ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இரண்டு ஹெட்லைட்டும் 55 வாட் என்றால் மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் அது 9 ஆம்பியருக்கு மேல். பின் விளக்குகளையும் சேர்த்தால் 10 ஆம்பியர். 40 ஆம்பியர்-மணி பேட்டரி, நான்கு மணி நேரத்தில் காலி. இரவு கடை சாத்தும் அவசரத்தில் விளக்கை அணைக்க மறந்தால் விடியற்காலையில் வண்டி எழுந்திருக்காது. கேபினில் எரியும் சின்ன விளக்கு ஓர் இரவில் கெடுக்காது. ஆனால் பண்டிகை விடுமுறையில் மூன்று நான்கு நாள் எரிந்தால் அதுவும் அதே வேலையைச் செய்துவிடும்.

யாரிடம் கரண்ட் வாங்குவது?

மார்க்கெட்டில் நமக்கு அருகில் நிற்பது பெரும்பாலும் லாரிதான். "அண்ணே, கொஞ்சம் கரண்ட் கொடுங்க" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். நமது சிறிய வண்டி 12 வோல்ட். 24 வோல்ட்டை அதில் கொடுத்தால் பல்பு முதல் எலக்ட்ரானிக் பெட்டி வரை கருகிவிடும். எனவே இன்னொரு மினி வேன், கார் என 12 வோல்ட் வண்டியையே தேடுங்கள். மோட்டார் சைக்கிள் பேட்டரியும் 12 வோல்ட்தான் என்றாலும் அதன் கொள்ளளவு மிகச் சிறியது. என்ஜினைச் சுற்ற வைக்க அது போதாது.

ஒயரிலும் கவனம் வேண்டும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டு ஒயரிங் கம்பியை முறுக்கிக் கட்டினால் அது உருகித் தீப்பிடிக்கும். ஜம்பர் கேபிளில் செம்புக் கம்பியின் தடிமன், பெட்ரோல் வண்டிக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர், டீசல் வண்டிக்கு 25 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை தடித்து, உள்ளே மெல்லிய கம்பி வைத்த மலிவுச் சரக்கும் கடைகளில் உண்டு. எடை பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இணைக்கும் முறை

இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டு என்ஜினும் நிறுத்தப்பட்டு, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, விளக்குகள் அணைக்கப்பட்டு இருக்க வேண்டும். கையில் மோதிரம், காப்பு, உலோக வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்தாலோ இந்த முயற்சியே வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கீழ்க்கண்ட வரிசையில் இணைக்கவும்.

1. சிவப்புக் கேபிளின் ஒரு முனையை, இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டவும்.
2. சிவப்பின் மறுமுனையை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டவும்.
3. கறுப்புக் கேபிளின் ஒரு முனையை, நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டவும்.
4. கறுப்பின் மறுமுனையை, நின்றுபோன வண்டியின் என்ஜினிலோ சேஸிஸிலோ, பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டவும்.

இந்த நான்காவது இணைப்பில்தான் பலர் தவறுகிறார்கள். அதையும் பேட்டரி மைனஸ்ஸிலேயே மாட்டினால் வண்டி கிளம்பத்தான் செய்யும். ஆனால் கடைசியாக மாட்டும் இடத்தில் பொறி பறப்பது இயல்பு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பற்றும். பொறியும் வாயுவும் சந்திக்காமல் இருக்கவே பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டச் சொல்கிறோம். பீடி, சிகரெட் அருகில் கூடவே கூடாது. இருட்டில் தண்ணீர் அளவு பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. அதை இன்றே விட்டுவிடுங்கள்; டார்ச் லைட் போதும்.

இணைத்தபின் நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து நான்கைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு நம் வண்டியின் சாவியைத் திருகுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். கிளம்பியதும் கேபிள்களை நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: நம் வண்டியின் இரும்பில் உள்ள கறுப்பு, நல்ல பேட்டரியின் கறுப்பு, நல்ல பேட்டரியின் சிவப்பு, கடைசியாக நம் பேட்டரியின் சிவப்பு.

பழைய பழக்கங்கள் இன்று உதவாது

நல்ல பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து வண்டியைக் கிளப்பி, என்ஜின் ஓடும்போதே அதைக் கழற்றிப் பழையதை மாட்டும் வழக்கம் உண்டு. அந்தக் கணத்தில் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரும் எலக்ட்ரானிக் பெட்டியும் போய்விடலாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அப்படித்தான். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எரிபொருளைச் செலுத்துவதே எலக்ட்ரானிக் முறையில். பேட்டரி முழுவதும் காலியானால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. மேலும் என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கனமாகப் பிடிக்கும். சரக்கு ஏற்றிய வண்டியைச் சரிவில் தள்ளுவது ஆளின் உயிரோடு விளையாடுவதாகும். எலக்ட்ரிக் சரக்கு ஆட்டோ வைத்திருப்பவர்கள், அதன் பெரிய பேட்டரியில் எந்த ஒயரையும் மாட்ட வேண்டாம். கம்பெனி புத்தகத்தில் உள்ளபடி மட்டும் செய்யுங்கள்.

கைமாற்று முதலாகாது

பக்கத்து வண்டியில் வாங்கிய கரண்ட், பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் வாங்கிய கைமாற்று போன்றது. அன்றைய அவசரத்துக்கு உதவும்; கடை முதல் ஆகாது. காலியான பேட்டரி பத்து நிமிட ஓட்டத்தில் நிரம்பிவிடாது. சரக்கு இறக்கியதும் சார்ஜ் கடையில் கொடுத்து முழுதாக ஏற்றுங்கள். காலியாகவே விட்டு வைத்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் இறுகிப் பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வண்டி சில மணி நேரம் நின்றபின் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக உள்ளது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. என்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ கவனியுங்கள். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி வாங்கினால் பணம்தான் வீண்.

நம் ஊர் வெயில் பேட்டரிக்குப் பகை. தண்ணீர் ஊற்றும் வகையாக இருந்தால் கோடைக்காலத்தில் மாதம் ஒருமுறை மூடி திறந்து, தகடு மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் ஆகாது, புது ஆசிட்டும் ஆகாது. டெர்மினலில் பூத்திருந்தால், நம் கடையில் விற்கும் ஆப்ப சோடாவையே தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவலாம். மூடிக்குள் மட்டும் இறங்கக் கூடாது. காய்ந்தபின் கொஞ்சம் வாசலின் தடவி வையுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். அதில் உள்ள ஈயம் விஷம். அதே ஈயத்துக்கு விலையும் உண்டு. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே ஒப்படைக்கச் சொல்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலை இருட்டில் பேட்டரி முன்னால் குனிந்து நிற்பவர் பெரும்பாலும் நாமல்ல. நம் டிரைவரும் கடைப் பையனும்தான். வண்டியில் நல்ல கேபிள் ஒரு செட், டார்ச் லைட், ஒரு கேன் தண்ணீர் வாங்கி வையுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரமாவது தண்ணீரை ஊற்றிக் கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். ஒரு நாள் சரக்கு தவறினால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். நம்மை நம்பி வந்த பிள்ளையின் கண் போனால் எந்த லாபத்தைக் கொண்டும் அதை ஈடுகட்ட முடியாது. மேலே சொன்ன நான்கு இணைப்புகளையும் ஒரு காகிதத்தில் எழுதி, வண்டிக்குள் இன்றே ஒட்டி வையுங்கள்.