புகைபோக்கிக்குக் கீழே பூநாரை

சென்னையில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே போவார்கள். பள்ளிக்கரணை, கோவளம், இன்னும் தள்ளி வேடந்தாங்கல். கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறுகிறவர்கள் தனி ரகம். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவில் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். அந்தச் சில நொடிகளுக்காகவே ஜன்னலோர இருக்கை பிடிப்பார்கள். வெளியே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் மேடு, மின்கோபுரங்கள்; சேற்றிலோ சங்குவளை நாரையும் பவளக்கால் உள்ளானும். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமே நிற்கும்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய செலவில்லை. சுமாரான பைனாகுலர், தொப்பி, சேறானாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய ஒரு ஜோடி செருப்பு. பைனாகுலரைவிட முக்கியம் காலண்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். வற்றினால்தான் சேற்றுத்திட்டு தெரியும், உள்ளான்கள் இறங்கும். கொசு உள்ளான் தன் குட்டை அலகால் மேற்சேற்றைக் கொத்தித் தின்னும். கோட்டானின் நீண்டு வளைந்த அலகு வளைக்குள் புகுந்து நண்டை இழுக்கும். ஒரே சேறுதான், பல மாடி மெஸ் மாதிரி ஆளுக்கொரு தளம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் காசிமேடு இருக்கிறது. குளிர்காலத்தில் மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளைச் சுற்றிப் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கத்திக்கொண்டிருக்கும். லடாக், திபெத் பக்கத்து மலை ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் இனம் இது. இமயத்து விருந்தாளி ராயபுரத்துக் காக்காவோடு மீன்குடலுக்குச் சண்டை போடுவதை மீன் வாங்க வந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பறவை பார்ப்பது இங்கே புதிதுமில்லை. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978-லேயே தொடங்கிவிட்டது. அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்த சு. தியடோர் பாஸ்கரன், பறவை பார்த்ததையெல்லாம் நல்ல தமிழில் எழுதியும் வைத்தார்.

ஆனால் எண்ணூரை நன்றாக அறிந்தவர்கள் பைனாகுலர் இல்லாதவர்கள்தான். இருளர் பெண்கள் கழிமுகத் தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் அடித்தரையைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட, பல்லில் கவ்விய பறி. மின்நிலையத்துச் சாம்பல் குழாய் கசிந்து ஆறு தூர்ந்த கதையை அந்தக் கைகளிடம் கேட்கலாம். தென் அமெரிக்கக் கரைகளைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு சிப்பி இங்கே பாய் விரித்ததுபோல் படர்ந்து, இறால் ஒதுங்கும் மணலை மூடிவருகிறது. கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிவரும் கடல்நீரில் அது வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. அரசாங்கக் கோப்புகளிலும் இப்போது அதே பெயர்தான்.

இந்த ஊரில் பறவைப் பட்டியல் வெறும் பட்டியலாக இருக்க முடியாது என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியதாகக் கடலோரக் காவல்படை கணித்தது. மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் மார்பெல்லாம் கறுத்துத் திரிந்தன. எண்ணெய் பட்டால் இறகில் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும். பறவை நனையும், குளிரில் நடுங்கும். அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும்போது அந்த எண்ணெயே வயிற்றுக்குள் போகும். பறக்க முடிகிற பறவையைப் பிடித்துக் கழுவுவதும் லேசில்லை, நெருங்கினால் எழும்பிவிடும். முன்பு எத்தனை பறவைகள் இருந்தன என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தானே பின்னால் எத்தனை போயின என்று கேட்க முடியும்? பொழுதுபோக்கில் அரசியல் எதற்கு என்பவர்கள் எண்ணூரை விட்டு வேறு ஊர் பார்த்துக்கொள்வது நல்லது.

பொங்கல் நாட்களில், 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பு வரும். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதை எண்ணி இணையத்தில் ஏற்றினால் போதும். திருவொற்றியூர்க்காரர் கழிமுகத்தில் நின்று எண்ணுவதானால், கூழைக்கடா எத்தனை என்பதோடு மார்பில் கறை உண்டா என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.