அழிக்காத பதிவேடு

சென்ற ஆண்டு ஓர் அலகுத் தேர்வு. அமராவதி நகரை அடுத்த எங்கள் பள்ளியில் கணித ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து வினாத்தாள் தயாரித்தோம். பென் டிரைவில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி புதியது’ என்று மூன்று ஃபைல்கள். அச்சானது திருத்தத்துக்கு முந்தைய தாள். தேர்வறையில் பிள்ளைகள் கை தூக்கிய பிறகுதான் எட்டாவது கணக்கில் பிழை இருப்பது தெரிந்தது. அதை முன்பே திருத்தியவன் நான்தான். ஆனால், திருத்திய ஃபைல் எது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மூன்று பேர் சேர்ந்த வேலையிலேயே இப்படி என்றால், மூவாயிரம் பேர் சேர்ந்தால்?

நடராஜர் நிற்கும் ஆய்வகம்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இந்தியா 2004இல் அன்பளிப்பாக வழங்கிய நடராஜர் சிலை அதன் வளாகத்தில் நிற்கிறது. 2017இல் இந்தியா அதன் இணை உறுப்பு நாடானது. ஹிக்ஸ் போசான் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2012 ஜூலை 4 அன்று அங்கிருந்துதான் வெளியானது. அதைக் கண்டறிந்த அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு ஆய்வுக் குழுக்களிலும் தலா சுமார் 3,000 அறிவியலாளர்கள் இருந்தனர்.

துகள்கள் மோதும்போது குவியும் தரவுகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பவை கணினி நிரல்கள். அவை பல லட்சம் வரிகள் கொண்டவை. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் அவற்றை நாள்தோறும் திருத்துகிறார்கள். ஒரு வரி மாறினாலும் முடிவு மாறலாம். “இந்த முடிவு எந்த நிரலால் கிடைத்தது?” என்று பத்தாண்டுகள் கழித்துக் கேட்டாலும் விடை இருக்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த முறைதான்

வருகைப் பதிவேட்டில் தவறு நேர்ந்தால் என்ன செய்கிறோம்? அழிப்பதில்லை, வெள்ளை மை பூசுவதில்லை. குறுக்கே கோடிட்டு, சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுகிறோம். பழையதும் தெரியும், புதியதும் தெரியும், மாற்றியவர் யார் என்பதும் தெரியும்.

கணினியில் இதைச் செய்வதே பதிப்புக் கட்டுப்பாடு. ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்போடு அது சேமிக்கும். வேண்டும்போது எந்தப் பழைய நிலைக்கும் திரும்பலாம். இன்று பரவலாகப் பயன்படும் ‘கிட்’ மென்பொருளை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார்.

பதிவேட்டைக் காப்பவர்

பதிவேடு இருந்தால் போதாது. அதைப் பூட்டிக் காக்க ஓர் அலுவலகம் வேண்டும். ‘கிட்லேப்’ என்ற மென்பொருளைத் தன் சொந்த சர்வர்களில் நிறுவி, செர்ன் இந்தப் பணியைச் செய்கிறது. அதை நடத்துபவர்களுக்கு மூன்று பெரிய பொறுப்புகள்.

முதலாவது, சாவி. யார் படிக்கலாம், யார் திருத்தலாம், திருத்தத்தை யார் ஏற்கலாம் என்பதை வரையறுக்க வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பு ஒப்படைப்பு. முனைவர் பட்டம் முடித்த மாணவர் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் எழுதிய நிரல் தொடர்ந்து இயங்க வேண்டும். நமக்கு மாறுதல் வரும்போது பதிவேடுகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோம் அல்லவா? அதுபோல நிரலின் உரிமை தனிநபர் கணக்கில் இல்லாமல் குழுவின் பெயரில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, இடமாற்றம். மென்பொருள்கள் பழையதாகும். செர்னே முதலில் ‘சிவிஎஸ்’, பிறகு ‘சப்வெர்ஷன்’, அதன்பின் ‘கிட்’ என்று மாறி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இன்றைய நிரலை மட்டும் எடுத்துச் சென்றால் போதாது. பழைய திருத்த வரலாறும் கூடவே போக வேண்டும்.

ஐந்து காப்புகள், ஒன்றும் உதவவில்லை

இந்தப் பணியில் தவறினால் என்ன ஆகும்? கிட்லேப் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனமே, தன் பொது இணையச் சேவையில் நடந்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, களைத்திருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். தவறு புரிந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய்விட்டது.

காப்பு ஏற்பாடுகள் ஐந்து இருந்தன. ஆனால் ஒன்று வெகுநாளாக வேலையே செய்யவில்லை. அது தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. இன்னொன்று அந்த சர்வருக்கு இயக்கப்படவே இல்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் எழுதிய கருத்துகளும் புதிய கணக்குகளும் திரும்பவில்லை.

நிறுவனம் அந்தப் பொறியாளரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஒருவர் கை தவறினால் எல்லாம் போகும் நிலை ஏன் இருந்தது என்று கேட்டு, காரணங்களை எழுதி வெளியிட்டது. திறந்து பார்க்காத காப்புப் பிரதி, காப்பே அல்ல. இதுவே அந்த நாள் தந்த பாடம்.

நம் பள்ளியில்

நமக்குப் பெரிய சர்வர் தேவையில்லை. இந்த ஆண்டு நாங்கள் மூன்று பழக்கங்களைத் தொடங்கியிருக்கிறோம். வினாத்தாள்களும் கற்றல் வளங்களும் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இல்லாமல், பள்ளியின் பெயரிலுள்ள ஒரே இடத்தில் இருக்கின்றன. திருத்துபவர் தேதி, பெயர், காரணம் மூன்றையும் ஒரு வரியில் எழுதுகிறார். பருவத்துக்கு ஒருமுறை, காப்புப் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேறு கணினியில் திறந்து பார்க்கிறோம். முதல் முறை பார்த்தபோதே இரண்டு ஃபைல்கள் திறக்கவில்லை. தேர்வுக்கு முதல் நாள் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

மேல்நிலை வகுப்பில் பைத்தான் கற்பிப்போர் இன்னும் ஒரு படி போகலாம். கிட் கட்டணமில்லாதது. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். ஒரு சிறு நிரலை எழுதச் செய்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்து, பழைய நிலைக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

தொடக்க வகுப்புக்குக் கணினியே வேண்டாம். கட்டுரை நோட்டில் ரப்பரால் அழிக்காமல், ஒற்றைக் கோடிட்டுத் திருத்தச் சொன்னால் போதும். சென்ற மாதம் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அப்படித் திருத்திய பக்கத்தைக் காட்டி, “சார், முதல்ல எப்படித் தப்பா எழுதினேன்னு எனக்கே தெரியுது” என்றாள்.