உறுமி அடித்தவன் டிரம்ஸில் உட்கார்ந்தான்

இசைக்குழு என்றால் நம்மவர்களுக்குத் திருமண விருந்து மேடைதான் முதலில் நினைவுக்கு வரும். பதின்ம வயதுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து, சொந்தமாகப் பாட்டு எழுதி ராக் வாசிக்கப்போகிறோம் என்றால், "படிக்கிற வயசில இதெல்லாம் எதுக்கு?" என்ற கேள்விதான் வரும். எங்களுக்கும் வந்தது.

2007ஆம் ஆண்டு. கிள்ளானில் நாங்கள் நால்வரும் நான்காம் படிவ மாணவர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' வெளிவந்திருந்தது. வகுப்பில் பாதிப்பேர் ராப் பாடித் திரிந்தார்கள். மலாய் நண்பர்களோ 'சர்ச்' குழுவின் 'இசபெல்லா'வைக் கிட்டாரில் வாசித்துக் காட்டுவார்கள். தமிழில் அப்படி ஒரு பாட்டு செய்தால் என்ன என்று தோன்றியது.

கிட்டார் என்னிடம் இருந்தது. பாட ஒருவன் கிடைத்தான். பேஸ் கிட்டாருக்கு நான்கு கம்பிகள்தாம்; சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்குரிய அதே சுருதி, ஒரு ஸ்தாயி கீழே. கிட்டார் கொஞ்சம் தெரிந்த நண்பன் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். டிரம்ஸுக்குத்தான் ஆளில்லை. கோயில் திருவிழாக்களில் உறுமி அடிக்கும் நண்பனைக் கூப்பிட்டோம்.

ராக் இசையின் அடிப்படைத் தாளம் எளிது. நான்கு வரை எண்ணினால், காலால் மிதிக்கும் பெரிய டிரம் ஒன்றிலும் மூன்றிலும் விழும். ஸ்நேர் இரண்டிலும் நான்கிலும் விழும். அவன் கைக்கு அது அரைமணி நேர வேலை. கால்தான் ஒத்துழைக்கவில்லை. உறுமிக்குக் கால் தேவையில்லையே! மூன்று வாரம் வகுப்பு மேசைக்கு அடியில் தரையை மிதித்தே பழகினான்.

ஜேமிங் ஸ்டூடியோ வாடகை மணிக்கு 25 ரிங்கிட். ஆளுக்கு 6 ரிங்கிட் 25 காசு. வாரம் ஒரு மணி நேரம்தான் கட்டுப்படியானது. அதனால் அவரவர் பகுதியை வீட்டிலேயே பழகிவிட்டு, ஸ்டூடியோவில் சேர்ந்து மட்டும் வாசித்தோம்.

பெரிய சிக்கல் பாடல் வரிகளில் வந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் விழும் அசை ஒன்று உண்டு. தாளம் அதன்மேல் போய் உட்காரும். தமிழில் நடையைத் தீர்மானிப்பவை குறிலும் நெடிலும். ஸ்நேர் அடி குறிலில் விழுந்தபோதெல்லாம் சொல் நசுங்கியது. 'வானம்', 'காற்று' என நெடிலில் தொடங்கும் சொற்களை அடியில் வைத்ததும் பாட்டு நின்றது. அசை பிரிக்கக் கற்றது இப்படி உதவுமென்று எங்கள் தமிழாசிரியர்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்.

எஸ்.பி.எம். ஆண்டு தொடங்கியதும் டிரம்மரின் அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். அவர் லாரி ஓட்டுநர். மகனும் இரவெல்லாம் சாலையில் கிடக்கக்கூடாது என்பது அவர் கவலை. மூவரும் வீட்டுக்குப் போனோம்.

"அங்கிள், வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான்."

"ரோக்கு கீக்குன்னு போய் நம்ம பசங்க யாருடா முன்னுக்கு வந்திருக்கான்?"

சமையலறையிலிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது: "ஏன், லோகா இல்லையா?"

பினாங்குச் சகோதரர்கள் லோகநாதன், டேவிட் ஆறுமுகம். அவர்களுடைய 'அலிகேட்ஸ்' குழு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது. முந்தைய ஆண்டு ஜூனில்தான் லோகநாதன் காலமாகியிருந்தார். அங்கிளின் லாரியில் ஓடுவதும் அவர் பாடல்கள்தாம் என்று அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் ஒரு நிபந்தனை போட்டார். அரையாண்டுத் தேர்வுவரை வாசிக்கலாம், பிறகு எஸ்.பி.எம். முடியும்வரை குச்சியைத் தொடக்கூடாது. அந்த இடைவெளியில் வேறு டிரம்மரைத் தேடலாம் என்ற பேச்சு எங்களுக்குள் எழுந்தது. தேடவில்லை. ஐந்து மாதம் காத்திருந்தோம்.

அவ்வாண்டு டிசம்பர் கடைசியில், தாமான் மண்டபத்தில் மூன்று பாடல்கள் வாசித்தோம். அறுபது பேர் இருந்திருப்பார்கள். அங்கிள் கடைசி வரிசையில் நின்றார். முடிந்ததும் மகனிடம், "சத்தம் ஜாஸ்தி. ஆனா அடி சுத்தமா இருந்துச்சு," என்றார்.

அடுத்த ஆண்டு ஆளுக்கொரு கல்லூரி, குழு கலைந்தது. யாரும் இசைத்துறைக்குப் போகவில்லை. ஆனால் சொன்ன நேரத்துக்கு வருவது, அடுத்தவன் வாசிப்பதைக் காதுகொடுத்துக் கேட்பது, ஒருவனுக்காக மூவர் பொறுத்திருப்பது ஆகியவற்றை நான் கற்றது அந்த ஸ்டூடியோவில்தான். உங்கள் பிள்ளை கிட்டார் கேட்டால், உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த அங்கிளைப்போல் ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள்.