உருளைக்கிழங்கின் தாய்வீட்டில்: பீசாக் என்னும் மலை ஊர்

ஊட்டிக்கு மேலே நிற்கும் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் உள்ள பீசாக் என்ற சிற்றூரின் கடைத்தெருவே ஏறத்தாழ 2,970 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சிக்கு மேல் இன்னும் ஆயிரம் அடி ஏறினால் எவ்வளவு உயரமோ, அந்த உயரத்தில் அங்கே காய்கறிச் சந்தை நடக்கிறது. அதுவும் மலை உச்சியில் அல்ல. பள்ளத்தாக்கின் அடியில், வில்கனோட்டா ஆற்றங்கரையில். ஊராரின் உருளைக்கிழங்கு வயல்களைப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து மேலும் ஏற வேண்டும். அவை 4,000 மீட்டரையும் தாண்டிச் செல்கின்றன.

தலைநகர் லீமாவிலிருந்து கூஸ்கோ நகரம் விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். கூஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடலோரத்து லீமாவிலிருந்து நேராக அங்கே போய் இறங்குபவருக்கு முதல் நாள் தலைவலி, மூச்சுத் திணறல், பசியின்மை ஆகியவை வருவது சகஜம். காற்றில் பிராணவாயு குறைவாக இருப்பதே காரணம். விடுதிகளில் கோக்கா இலை போட்ட வெந்நீர் தருவார்கள். அந்நாட்டில் இது காலங்காலமாக உள்ள வழக்கம், சட்டத்துக்கும் உட்பட்டது. விவரம் தெரிந்த பயணிகள் கூஸ்கோவில் தங்காமல் அன்றே வேன் பிடித்து, மலைப்பாதையில் ஒரு மணி நேரம் இறங்கி பீசாக் வந்துவிடுவார்கள். 400 மீட்டர் இறங்கியதுமே உடல் தெளிவு பெறுகிறது. முதல் இரண்டு நாட்கள் மெதுவாக நடப்பதும், குறைவாக உண்பதும், நிறையத் தண்ணீர் குடிப்பதும் நல்லது.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நம் ஆனியும் ஆடியும் அங்கே கடுங்குளிர் காலம். மழை நவம்பரிலிருந்து மார்ச் வரை. கிழங்கு ஊன்றுவது பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில். தோண்டுவது சித்திரையிலிருந்து ஆனிக்குள். அறுவடையைப் பார்க்க விரும்புபவர் மே மாதம் போவது பொருத்தம். மே 30-ந் தேதியை அந்நாட்டில் 2005-ஆம் ஆண்டிலிருந்து தேசிய உருளைக்கிழங்கு நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பீசாக்கில் நாள்தோறும் கம்பளி, மண்பாண்டக் கடைகள் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் உழவர் சந்தை. மேல் கிராமங்களிலிருந்து பெண்கள் கிழங்கு மூட்டைகளை முதுகுத் துணியில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். பள்ளத்தாக்கில் விளையும் வெள்ளை மக்காச்சோளம் பெயர் பெற்றது. அதன் மணி ஒவ்வொன்றும் நம் மக்காச்சோளத்தைப் போல இரண்டு மூன்று பங்கு பெரியது. அவித்த கதிரும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் அவர்களுடைய சிற்றுண்டி. ஊருக்குள் மண் அடுப்பில் ரொட்டி சுடும் மணம் வரும். வீடுகளில் கினிப்பன்றி வளர்ப்பது இங்கே கோழி வளர்ப்பது போல. விருந்து நாளில் அதுதான் கறி. பள்ளத்தாக்கின் ஊர்களில் செம்பூப் பூத்து நிற்கும் பிசோனாய் மரம் நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது. பார்த்தவுடன் நம்மவருக்கு அடையாளம் தெரியும்.

மலைச்சரிவில் ஊருக்கு மேலே தெரிபவை இன்கா மன்னர் காலத்துப் படிக்கட்டு வயல்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை. பயணிகள் பெரும்பாலும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விவசாயி அங்கே சிறிது நேரம் உட்கார வேண்டும். கல் சுவர் மலைப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. மண்ணின் அழுத்தம் அதைத் தள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. வயலின் அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேல் வளமான மண் என்று அடுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தேங்காது, மண்ணும் கரையாது. பகலில் வெயில் குடித்த கல் சுவர் இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளியிடுவதால் உறைபனியின் கடுமையும் குறைகிறது. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஏற, சுவரிலேயே கற்களை நீட்டி வைத்து ஏணி செய்திருக்கிறார்கள். படிக்காக ஒரு முழம் நிலத்தைக்கூட வீணாக்கவில்லை.

ஆனால் பீசாக்கின் உண்மையான அதிசயம் அந்தக் கற்களில் இல்லை. அது இன்னும் மேலே, கெச்சுவா மொழி பேசும் உழவர்களின் வீட்டுப் பரணில் இருக்கிறது.

ஒரு வயலில் ஐம்பது ரகம்

மேல் கிராமத்து வீடுகளில் விதைக்கிழங்குக் குவியலைப் பார்ப்பவர், பல பயிர்களை ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றே நினைப்பார். கறுப்பு, ஊதா, சிவப்பு, மஞ்சள்; உருண்டை, நீளம், வளைந்தது, விரல் விரலாகப் பிரிந்தது. அத்தனையும் உருளைக்கிழங்கு. ஒரு குடும்பத்திடமே பல பத்து ரகங்கள் இருப்பதுண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒரு ரகத்துக்குப் 'பூமாவின் பாதம்' என்று பெயர். பூமா என்பது அம்மலைக் காட்டுப் பூனையினத்து விலங்கு. இன்னொன்று மேடும் பள்ளமுமாகக் கண்கள் நிறைந்தது. அதன் பெயருக்கு 'மருமகளை அழவைப்பது' என்று பொருள். புதுப் பெண்ணின் கையில் அதைக் கொடுத்துத் தோல் சீவச் சொல்லி மாமியார் சோதிப்பாராம். மாமியார்கள் எங்கும் ஒரே மாதிரிதான் போலும்.

இந்த ரகங்களைத் தனித்தனியாகப் பிரித்து நடுவதில்லை. வீட்டுத் தேவைக்கான வயலில் கலந்தே ஊன்றுகிறார்கள். பார்ப்பதற்கு ஒழுங்கற்ற விவசாயமாகத் தோன்றும். உண்மையில் இது நன்கு எண்ணிப் பார்த்த ஏற்பாடு. நாலாயிரம் மீட்டர் உயரத்தில் ஓர் இரவு உறைபனி விழும், ஒரு வாரம் மழை பொய்க்கும், மறு வாரம் ஆலங்கட்டி அடிக்கும். ஒரு ரகம் பனியைத் தாங்கும், ஒன்று வறட்சியைத் தாங்கும், ஒன்று பின்கருகல் நோய்க்கு ஓரளவு நிற்கும். எந்த ஆண்டு எது வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் கலந்திருந்தால் அதிக மகசூல் கிடைக்காது. ஆனால் எந்த ஆண்டும் அடுப்பு அணையாது. ஒரே ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சமே சாட்சி. ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நட்டிருந்தார்கள். பின்கருகல் நோய் அதை அழித்தது. பட்டினியிலும் நோயிலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர்.

அந்த உழவர்களும் சந்தைக்கென்று புதிய, உயர் விளைச்சல் ரகங்களைத் தனி வயலில் நடத்தான் செய்கிறார்கள். வியாபாரி ஒரே அளவு, ஒரே நிறம் கேட்கிறார். கலப்புக் கிழங்குக்கு விலை வைப்பதில்லை. பணத்துக்கு ஒரு வயல், சோற்றுக்கு ஒரு வயல் என்று பிரித்திருப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பணத்து வயல் பெருகும்போது சோற்று வயலின் ரகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இளைஞர் நகரத்துக்குப் போக, விதையைப் பேணும் கைகளும் குறைந்தன.

திரும்பி வந்த விதை

இதைத் தடுக்க 2002-ல் பீசாக்குக்கு மேலே உள்ள ஆறு கிராமங்கள் ஒன்றுகூடித் தங்கள் நிலங்களை 'உருளைக்கிழங்குப் பூங்கா' என்று அறிவித்தன. பூங்கா என்றதும் வேலியும் நுழைவாயிலும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. உழவர்கள் வாழ்ந்து, உழுது, உண்ணும் நிலமே பூங்கா. அங்கே 1,300-க்கும் மேற்பட்ட ரகங்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

லீமாவில் 1971-ல் நிறுவப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு ஆராய்ச்சி மையத்தின் விதை வங்கியில், முன்பு ஆண்டிஸ் கிராமங்களில் சேகரித்த ரகங்கள் பாதுகாக்கப்பட்டு வந்தன. அவற்றில் பல, சேகரித்த ஊரிலேயே அழிந்துபோயிருந்தன. 2004-ல் அம்மையமும் பூங்கா உழவர்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 400-க்கும் மேற்பட்ட ரகங்கள் கிராமங்களுக்குத் திரும்பி வந்தன. சும்மாவும் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிழங்கிலேயே தொற்றி வந்த நச்சுயிரி நோய்களை, திசு வளர்ப்பு முறையில் நீக்கிச் சுத்தப்படுத்தித் தந்தார்கள். தாத்தா காலத்து ரகம் புது வீரியத்தோடு வந்தது. விஞ்ஞானிகள் உழவரிடமிருந்து விதை வாங்கிப் போன கதைகள் ஏராளம். இப்படிக் கணக்கு வைத்துத் திருப்பித் தந்த கதைகள் குறைவு.

பூங்காவுக்குப் போகும் பயணியைக் கிராமத்தாரே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். உழவு அங்கே டிராக்டர் ஏறாத சரிவில். நீண்ட கழி, நுனியில் இரும்பு, மிதிக்க ஒரு குறுக்குக் கட்டை: இதுதான் கால் கலப்பை. ஆண்கள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே மூச்சில் மிதிக்க, ஒரு பெண் பெயர்ந்த கட்டியைப் புரட்டிப் போடுவாள். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்ற கணக்கில் கூலியின்றி வேலை நடக்கும். இதற்கு 'அயினி' என்று பெயர். அறுவடை நாளில் மண்கட்டிகளைக் குவித்துச் சிறு கூடு கட்டி, உள்ளே தீ மூட்டி, கட்டிகள் பழுக்கக் காய்ந்ததும் கிழங்கைப் போட்டுக் கூட்டை இடித்து மூடிவிடுவார்கள். அரை மணியில் வயலிலேயே விருந்து.

நிலத்துக்கு ஓய்வு

நீலகிரி, கொடைக்கானல் விவசாயிகள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. 1961-ல் நீலகிரியில் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் கடுகைவிடச் சிறிய பொன்னிற மணிகளாக ஒட்டியிருக்கும். அந்தக் கூடுகளுக்குள் முட்டைகள் பல ஆண்டுகள் சாகாமல் காத்திருக்கும். இதனால் நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. எத்தனை குடும்பங்களின் வருமானம் அதோடு நின்றது என்பதை மலையில் மூத்தவர்கள் அறிவார்கள். இந்தப் புழுவின் சொந்த ஊர் ஆண்டிஸ் மலைதான்.

அப்படியானால் அங்கே உருளைக்கிழங்கு எப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிழைத்தது? கிராமத்து நிலம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த ஆண்டு எந்தப் பகுதியில் உருளைக்கிழங்கு என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். அடுத்த ஆண்டு அங்கே ஓகா, உல்லுக்கோ போன்ற வேறு கிழங்குகள். பிறகு பார்லியோ பயறு வகையோ. பிறகு பல ஆண்டுகள் தரிசு. ஆடும் லாமாவும் மேய்ந்து எரு போடும். மீண்டும் உருளைக்கிழங்கு வர ஆறேழு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். உணவு கிடைக்காத புழுவின் எண்ணிக்கை அதற்குள் விழுந்துவிடும். ஒரு ஏக்கர் வைத்திருக்கும் நம் விவசாயி ஆறு ஆண்டு தரிசு போட முடியாது என்பது உண்மைதான். அங்கேயும் ஜனத்தொகை பெருகித் தரிசுக் காலம் சுருங்கி வருகிறது. ஆயினும் கிழங்குக்குப் பின் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் என்று மாற்றிப் போடும்படி சொல்வதன் அடிப்படை இதுவே. 1985-ல் நீலகிரிக்கென வெளியிடப்பட்ட குஃப்ரி சுவர்ணா ரகத்தின் நூற்புழு எதிர்ப்புச் சக்தியும் ஆண்டிஸ் மலையின் காட்டு உருளையிலிருந்து வந்ததே. நோயும் அங்கிருந்துதான், மருந்தும் அங்கிருந்துதான்.

மேலே ஏறும் பயிர்

ஆனி, ஆடியில் மேட்டு நிலங்களில் இன்னொரு வேலை நடக்கும். மிக உயரத்தில் விளையும் கசப்புக் கிழங்கை அப்படியே உண்ண முடியாது. அதைப் புல் பரப்பில் விரித்து, இரவு உறைபனியில் கட்டியாக உறையவிட்டு, பகல் வெயிலில் இளகவிடுவார்கள். சில இரவுகள் கழித்து வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயவைத்தால் கிழங்கு கறுத்துக் கூழாங்கல் போலாகும். இதன் பெயர் 'சுன்யோ'. ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் காயவைப்பது வெள்ளை வகை. ஐந்து கிலோ கிழங்கு ஒரு கிலோவாகச் சுருங்கும். பல ஆண்டுகள் கெடாது. குளிர்பதனக் கிடங்கு, மின்சாரம் எதுவும் வேண்டாம். பஞ்ச ஆண்டில் இந்த மூட்டைதான் சோறு.

சுன்யோவுக்கு வேண்டியது வானம் தெளிந்த, கடுமையான உறைபனி இரவுகள். அவை இப்போது முன்போல நிச்சயமாக வருவதில்லை என்று உழவர்கள் கூறுகிறார்கள். வெப்பம் கூடியதால் பின்கருகல் நோயும் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டும் முன்பு எட்டிப் பாராத உயரங்களுக்கு ஏறிவிட்டன. தந்தை நட்ட வயலில் இப்போது அந்த ரகம் வருவதில்லை. மகன் அதற்கு மேலே நடுகிறான். ஆண்டுக்கு ஆண்டு பயிர் மலையேறிக்கொண்டிருக்கிறது. ஆனால் மலைக்கும் உச்சி என்று ஒன்று உண்டு. வயல்களுக்கு மேலே மேய்ச்சல் புல்லும், அதற்கு மேலே வெறும் பாறையுமே இருக்கின்றன. எந்த ரகம் எந்த உயரத்தில் இன்னும் தாங்கும் என்று அறிய, உழவர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து வெவ்வேறு உயரங்களில் ஒரே ரகங்களை நட்டுப் பார்த்து வருகிறார்கள்.

ஊர் திரும்பும் முன் ஞாயிற்றுச் சந்தையில் வண்ணக் கிழங்குகளைப் பார்க்கும் எவருக்கும், இரண்டைப் பையில் போட்டு வந்து வீட்டுக் கொல்லையில் ஊன்றிப் பார்க்க ஆசை வரும். அதைச் செய்யக் கூடாது, சட்டப்படியும் குற்றம். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், நூற்புழுக் கூடு வந்து சேர. வாங்கிய கிழங்கை அங்கேயே வேகவைத்துத் தின்றுவிட வேண்டும். வயலில் நடந்த செருப்பின் மண்ணையும் பீசாக்கிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.