இரண்டு புள்ளி திறந்த கதவு!

ஒரு பெரிய ஆபீஸ். அங்கே ரிக்கார்டு அறையில் ஒரு சிப்பந்தி. வருகிறவர்கள் ஜன்னல் வழியாகச் சீட்டு நீட்டுவார்கள். சீட்டில் கண்ட காகிதத்தை அவன் எடுத்துக் கொடுப்பான்.

ஒரு நாள் ஒருவன் சீட்டு நீட்டினான். "இந்த அறையை விட்டு வெளியே போ. அடுத்த அறையையும் தாண்டு. முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கும் காகிதத்தைக் கொண்டு வா" என்று அதில் எழுதியிருந்தது. சிப்பந்தி மறுபேச்சுப் பேசவில்லை. கொண்டு வந்து கொடுத்துவிட்டான்!

இப்படியும் ஓர் அப்பாவி உண்டா? உண்டு. இணையதளத்தை நடத்தும் சர்வர் கம்ப்யூட்டர்தான் அது!

கேட்டதைக் கொடுக்கும்

இணையதளத்தின் பக்கங்கள் சர்வரில் பைல்களாக இருக்கின்றன. கேட்ட பைலைச் சர்வர் எடுத்து அனுப்பும். பைல் பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால், "ஓர் அறை வெளியே போ" என்று பொருள். சர்வர் ஏமாந்தால், ரகசியச் சாவிச்சொல் இருக்கும் பைலையும் திருடன் பார்த்துவிடுவான். பிறகு வாடிக்கையாளரின் பெயர், விலாசம், பணக் கணக்கு எல்லாம் அவன் கையில்!

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் "இன்க்ளூட்" என்று ஒரு கட்டளை. ஒரு பைலைச் சேர்த்துக்கொண்டு, அதில் உள்ளபடி நடக்கச் சொல்லும் கட்டளை அது. எந்தப் பைல் என்பதை வருகிறவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டால் வந்தது வினை! திருடன் தன் கம்ப்யூட்டரில் உள்ள பைலின் விலாசத்தைக் கொடுப்பான். சர்வர் அதை வரவழைத்து, அவன் சொன்னபடி ஆடும்.

2006-ம் ஆண்டில் வந்த பி.எச்.பி. 5.2 இதற்குத் தாழ்ப்பாள் போட்டது. உரியவர் திறந்துவிட்டால் ஒழிய, வெளிப் பைல் உள்ளே சேராது. ஆனால் உள்ளே இருக்கும் பைல்களுக்கு அது காவல் அல்ல.

மூன்று நாளில் இரண்டு பூட்டு

2021-ம் ஆண்டு. ஏராளமான இணையதளங்கள் நம்பியிருக்கும் "அபாச்சி" சர்வர் மென்பொருளில் ஓர் ஓட்டை தெரிந்தது. 2.4.49 என்ற பதிப்பு இரட்டைப் புள்ளியைத் தடுத்தது. திருடர்கள் புள்ளியைப் போடவில்லை. புள்ளியைக் குறிக்கும் சங்கேதக் குறியைப் போட்டார்கள். காவல் ஏமாந்தது!

அக்டோபர் 4-ந் தேதி புதிய பூட்டாக 2.4.50 வந்தது. அந்தக் குறியையே இன்னொரு குறியால் மறைத்தால், அதுவும் திறந்துகொண்டது. 7-ந் தேதி 2.4.51 வந்த பிறகே ஓட்டை அடைபட்டது.

ஆனால் அதே ஓட்டை இருந்தும், சில சர்வர்களில் திருட்டுப் பலிக்கவில்லை. காரணம்? "அனுமதித்த இடம் தவிர மற்ற எல்லாம் தடை" என்று அங்கே முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார்கள்.

திருடன் ஆயிரம் வேஷம் போடுவான். ஒவ்வொரு வேஷத்தையும் கண்டுபிடித்துத் தடுக்க முடியாது. கொடுக்கத்தக்க காகிதங்களின் பட்டியலைச் சிப்பந்தியின் கையில் கொடுத்துவிட்டால் போதும். பட்டியலில் இல்லையா? கையை விரித்துவிடுவான்!